555 புத்தகமும் இலக்கவியல் இரட்டையும்

(சங்கத்தின் பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



பின்னால் சட்டியில் தம் போட்டாகிவிட்டது. வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. அதற்கு முன் பேச நிறுத்தப்படுகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இன்று ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறோம். செயலவை எங்களிடம் ஒப்படைத்த ஒரு வேலையை நாங்கள் செய்து முடிக்கவில்லை. அது ஏன் என்று இந்தச் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்களை உங்களில் பலருக்குத் தெரியும். கடைத்தெருவில் மளிகையும் மசாலாச் சாமானும் விற்கும் அண்ணன் தம்பி இருவர். கூலிமில் இருக்கும் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துவிட்டு, கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சில காலம் வேலை பார்த்தோம். அத்தா நோயில் விழுந்ததும் கடைக்குத் திரும்பினோம். மிஷின் தெரிந்த பிள்ளைகள் என்று சங்கத்தில் எங்களுக்கு ஒரு பெயர். மைக் கரகரத்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் செயலவை கூப்பிட்டது. "தம்பிகளா, தமிழ்நாட்டில் காலமான தலைவர்களை மேடையில் பேச வைக்கிறார்களாமே. நம் சங்கத்தின் முதல் தலைவரும் பொன்விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துச் சொன்னால் எப்படி இருக்கும்? அவருடைய பழைய கேசட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன" என்றார்கள். செய்யலாம் என்று உடனே ஒப்புக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் யோசித்தோம். யோசித்ததையும் நடந்ததையும் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் இந்தப் பொருள் என்னவென்று பார்ப்போம். நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கணினிக்குள் இன்னோர் உருவம் இருந்தது. உண்மையான இயந்திரத்தின் சூடு, அதிர்வு, சுழலும் வேகம் எல்லாவற்றையும் உணர்கருவிகள் நொடிக்கு நொடி அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கணினியில் இருக்கும் உருவம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். "இன்னும் பத்து நாள் இப்படியே ஓடினால் என்ன ஆகும்?" என்று அதனிடம் கேட்கலாம். இந்த பேரிங் தேய்ந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லும். இதைத்தான் டிஜிட்டல் ட்வின் என்கிறார்கள். நாம் இலக்கவியல் இரட்டை என்று சொல்லிக்கொள்வோம்.

இதன் வேர் பழையது. 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் ஒவ்வொரு வழியையும் செய்து பார்த்துத்தான் மூன்று விண்வெளி வீரர்களையும் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், தொழிற்சாலைப் பொருள்களுக்கு இந்த எண்ணத்தை வகுத்துச் சொன்னார். இப்போது அது இயந்திரத்திலிருந்து மனிதனுக்கு வந்திருக்கிறது. நம் உடம்பின் கணக்கு, நாம் வாங்கும் சாமான், போகும் இடம், பேசும் குரல், எழுதும் செய்தி எல்லாம் ஒன்றுசேர்ந்து கணினிக்குள் இன்னொரு "நாம்" உருவாகிறது. புகைப்படம் எடுத்த நாளோடு நின்றுவிடும். இரட்டை அப்படி நிற்பதில்லை. கேட்டால் பதில் சொல்லும். நாளை நாம் என்ன செய்வோம் என்று கணிக்கும். சில சமயம் நமக்குப் பதிலாகப் பேசவும் செய்யும்.

இது நமக்கு முற்றிலும் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். நம் பாட்டன்மார் காலத்துக் கடைகளில் 555 புத்தகம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கணக்குப் புத்தகம். இங்கிருக்கும் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் நன்னாவின் கடையில் தோட்டத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 555 இருந்தது. பால்மரம் வெட்டிய காலம் அது. சம்பள நாளில் கணக்குத் தீரும். மறுநாள் திரும்பவும் பற்று ஆரம்பிக்கும்.

அந்தப் புத்தகத்தைப் படித்தால் ஒரு வீடே கண்முன் நிற்கும். அரிசி கூடினால் ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள் என்று பொருள். பால்மாவு டின் ஏறினால் பிள்ளை பிறந்திருக்கிறது. மழைக்காலத்தில் மரம் வெட்ட முடியாமல் போனால் சீனியும் கருவாடும் குறைந்துவிடும். எந்த வீட்டில் கஷ்டம், எந்த வீட்டில் கல்யாணம் என்று நன்னாவுக்கு அந்தத் தாளிலேயே தெரியும். ஒரு குடும்பத்தின் இரட்டை அவர் மேசை இழுப்பில் இருந்தது என்றே சொல்லலாம்.

அந்த இரட்டையை அவர் அமானிதமாக வைத்திருந்தார். ஒருவர் கணக்கை இன்னொருவர் காதில் விழும்படி வாசிக்க மாட்டார். புத்தகம் வாடிக்கையாளர் கையிலும் போகும், அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்துத் தப்பு இருந்தால் சொல்வார். எழுதத் தெரியாதவருக்கு மூன்றாம் ஆள் ஒருவர் வாசித்துக் காட்டுவார். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்பது பிள்ளைகளுக்கும் மதரஸாவில் சொல்லித் தரப்படுகிறது. அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ இல்லை. கடனை எப்படி எழுத வேண்டும், யார் எழுத வேண்டும், சாட்சி எப்படி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது. எழுதி வைப்பதில் எவ்வளவு நியாயம் தேவை என்பதை வியாபாரிகளான நமக்கு அதைவிட அழுத்தமாக யாரும் சொல்ல முடியாது.

இப்போது நம் 555 எங்கே இருக்கிறது? நம் சட்டைப்பையில் கைபேசியாக இருக்கிறது. எதை வாங்கினோம், எங்கே பெட்ரோல் ஊற்றினோம், இரவு எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுதுகிறவர் யாரென்று தெரியாது. அவர் கடை எந்த நாட்டில் என்றும் தெரியாது. புத்தகம் நம் கைக்கு வருவதும் இல்லை. நாங்கள் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நன்மையும் தீமையும் அந்தப் புத்தகத்தில் இல்லை. அதை வைத்திருப்பவர் அதை அமானிதமாக நினைக்கிறாரா என்பதில் இருக்கிறது.

நன்மையை முதலில் சொல்ல வேண்டும். பயமுறுத்துவதற்காக நாங்கள் மேடை ஏறவில்லை.

நம் நாட்டில் 2023இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் 100க்கு 15.6 பேருக்கு இனிப்புநீர் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்த மண்டபத்தில் ஒரு மேசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அத்தாவும் அந்தக் கணக்கில் இருந்தவர். மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவார். போவதற்கு முந்திய வாரம் மட்டும் சோற்றைக் குறைப்பார். மற்ற நாளில் தே தாரேக்கும் பலகாரமும் நடக்கும். கால்விரலில் வந்த சின்னப் புண் பெரிதாகி, முதலில் விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே போயிற்று. கடைசி மூன்று வருடம் கல்லாவுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் வியாபாரம் பார்த்தார்.

இன்று ட்வின் ஹெல்த் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. ஜஹாங்கீர் முகம்மது என்பவர் மற்றவர்களோடு சேர்ந்து 2018இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் தலைமையகம், சென்னையிலும் பெரிய அளவில் வேலை நடக்கிறது. கையில் ஒட்டும் சர்க்கரை உணர்கருவி, கைக்கடிகாரம், எடைக்கருவி, இரத்த அழுத்தக் கருவி இவற்றிலிருந்து வரும் கணக்கைக் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் உடல் இரட்டையை அமைக்கிறார்கள். ஒரே இட்லி ஒருவருக்குச் சர்க்கரையை ஏற்றும், இன்னொருவருக்கு அவ்வளவாக ஏற்றாது. இட்லிக்கு முன் என்ன சாப்பிட்டார், இரவு எப்படித் தூங்கினார், சாப்பிட்டபின் நடந்தாரா என்பதைப் பொறுத்து அது மாறும். அவரவர் இரட்டை அவரவருக்கு வழி சொல்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவமனை 150 நோயாளிகளை வைத்து ஓராண்டு செய்த சோதனையின் முடிவு 2025இல் வெளிவந்தது. இந்த முறையில் இருந்தவர்களில் 100க்கு 71 பேர், மெட்ஃபார்மின் தவிர்த்த மற்ற சர்க்கரை மருந்துகள் இல்லாமல் மூன்று மாதச் சர்க்கரை அளவை 6.5க்குக் கீழே கொண்டுவந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அப்படி வந்தவர்கள் 100க்கு 2 பேர். இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அங்கே மருந்தைக் குறைத்தது மருத்துவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த காரியம்.

அத்தா சோற்றில் கைவைத்த அந்த நேரத்திலேயே, "இன்று பாதி போதும், அஸருக்குப் பள்ளிக்கு நடந்து போங்கள்" என்று சொல்ல ஒரு துணை இருந்திருந்தால், அந்தக் கால் இருந்திருக்குமோ என்று நாங்கள் நினைப்பதுண்டு. விதியை மாற்றிப் பேசவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவனை நம்பு என்பது நம் மார்க்கம் காட்டும் வழி. இந்தக் கருவி நல்ல கயிறு. அதனால்தான் இதை ஹராம், ஷைத்தான் வேலை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எங்களால் சேர முடியவில்லை.

ஆனால் அதே உடல் கணக்கு காப்புறுதி நிறுவனத்தின் கைக்குப் போனால்? "உங்கள் மகளுக்கு 35 வயதில் இனிப்புநீர் வரும்போல் தெரிகிறது, சந்தாவைக் கூட்டுகிறோம்" என்று சொன்னால்? முதலாளி கைக்குப் போனால்? மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போனால்? தே கடையில் ஒரு வார்த்தை விழுந்தாலே நம் சமூகத்தில் சம்பந்தம் நின்றுபோகிறது. ஆளுக்கு ஓர் இரட்டை கடைக்கடையாக அலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வியாபாரத்திலிருந்து இன்னொன்று சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஒரு செயலியில் நாங்கள் சரக்குக்குப் பணம் செலுத்திவந்தோம். எங்களுக்குக் கையில் காசு இறுகும் மாதம் பள்ளி திறக்கும் மாதம். வாடிக்கையாளர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சட்டை, காலணி வாங்கப் போய்விடுவார்கள், எங்கள் பற்று நிற்கும். சரியாக அந்த வாரத்தில் அந்தச் செயலி "உங்களுக்கு 5,000 ரிங்கிட் கடன் தயார், ஒரு தட்டுத் தட்டினால் போதும்" என்று செய்தி அனுப்பியது. மறுவருடமும் அதே வாரம். எங்கள் இரட்டை எங்கள் பலவீனத்தை அதனிடம் சொல்லியிருக்கிறது. நன்னாவுக்கும் ஒரு குடும்பம் எப்போது இறுகும் என்று தெரியும். அப்போது அவர், "இந்த மாதம் புதுப் பற்று வேண்டாம்பா, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்" என்பார். அறிந்தது ஒன்றே. ஒருவர் அதை வைத்துக் கடனிலிருந்து காப்பாற்றினார், மற்றது அதை வைத்துக் கடனுக்குள் இழுக்கிறது. அதில் வட்டியும் சேர்ந்து வருகிறது என்பதை ஆலிம்கள் முன்னிலையில் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இனி குரலுக்கு வருகிறோம். எங்களிடம் கேட்கப்பட்டது அதுதான்.

ஷாகுல் ஹமீது என்ற பாடகரை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜென்டில்மேன், திருடா திருடா, காதலன் படங்களில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாடியவர். 1990களின் பிற்பகுதியில் சாலை விபத்தில் காலமானார். 2024இல் வந்த லால் சலாம் படத்தில் அவர் குரல் திரும்பக் கேட்டது. 2022இல் காலமான பம்பா பாக்யாவின் குரலும் அவரோடு சேர்ந்து கேட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தக் குரல்களை அமைத்தார்கள். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு, மறைந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் எஸ்.பி. சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார். தொழில்நுட்பம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒன்றில் வாசலில் நின்று கேட்டார்கள், மற்றதில் கேட்கவில்லை என்று புகார் வந்தது.

அரசியலிலும் நடந்தது. 2018இல் காலமான கலைஞர் மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றித் தம் மகனின் ஆட்சியைப் பாராட்டினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலில் அவர் கட்சி ஒரு செய்தி வெளியிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் செய்திருப்பதால் நாங்கள் யார் பக்கமும் இல்லை என்பது உங்களுக்கு விளங்கும். எங்கள் கேள்வி இதுதான்: அந்த வார்த்தைகள் யாருடையவை? குரல் அவர்களுடையது. எழுதியவர் வேறு யாரோ. நாகூர் ஹனிபாவின் குரல் கேட்காத தமிழ் முஸ்லிம் வீடு உண்டா? நாளை அந்தக் குரலில் யாராவது பற்பசைக்கு விளம்பரம் பாட வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

நம் முன்னோருக்கு இதில் ஓர் அறிவு இருந்தது. ஹதீஸ்களைத் திரட்டிய இமாம் புகாரி போன்றவர்கள், ஒரு சொல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளவில்லை. இதை உனக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பத்தக்கவரா, இருவரும் சந்திக்கக்கூடிய காலத்தில் வாழ்ந்தவர்களா என்று சங்கிலியை வளையம் வளையமாகப் பார்த்தார்கள். அதற்கு இஸ்னாத் என்று பெயர். சங்கிலி அறுந்திருந்தால் அது அவர்களுக்குப் பலவீனமான செய்தி. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல் பழைய அந்தப் பழக்கம் இன்று புலனத்தில் வரும் ஒவ்வொரு காணொளிக்கும் நமக்குத் தேவைப்படுகிறது.

தேவை எப்படிப்பட்டது என்றால், எங்கள் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்குச் சென்ற வருடம் ஓர் அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் இருக்கும் மகனின் குரல். "அம்மா, விபத்தாகிவிட்டது, என் போன் உடைந்துவிட்டது, இந்தக் கணக்குக்கு உடனே பணம் போடுங்கள்" என்று அழுதது. நகையை அடகு வைத்து 4,800 ரிங்கிட் அனுப்பிவிட்டார். மகன் அப்போது அலுவலகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சமூக ஊடகத்தில் அவன் போட்டிருந்த சில காணொளிகளிலிருந்து அந்தக் குரலை எடுத்திருப்பார்கள் என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். பணம் போனதைவிட, "பெற்ற பிள்ளையின் குரலே தெரியாமல் போச்சே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. தாயின் காது ஏமாறும் அளவுக்குக் கருவி வளர்ந்துவிட்டது.

இந்தக் கதையெல்லாம் தெரிந்திருந்தும் நாங்கள் முதல் தலைவரின் வேலையை ஆரம்பித்தோம். கேசட்டில் இரைச்சல் அதிகம். கருவியைப் பழகிக்கொள்ள முதலில் வேறு குரலில் சோதிக்க நினைத்தோம். எங்களிடம் இருந்த நல்ல பதிவுகள் அத்தா புலனத்தில் அனுப்பியவை. "மஞ்சள் மூட்டை வந்ததா, மழை வரும்போல் இருக்கு, சாமானை உள்ளே இழு" என்று கடைசி வருடங்களில் கட்டிலில் இருந்தபடி அனுப்பியது நிறையக் கிடக்கிறது. ஒரு ராத்திரி கடையை மூடிவிட்டு, அவற்றைக் கருவிக்குக் கொடுத்து, ஒரு வரி தட்டச்சுச் செய்தோம். "கடையைப் பூட்டியாச்சாப்பா?" என்று அத்தா கேட்டார்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்னொரு வரி, இன்னொரு வரி என்று அரைமணி நேரம் பேச வைத்துக் கேட்டோம். உண்மையைச் சொன்னால் இனிமையாகத்தான் இருந்தது. அதுதான் பயம். தண்ணீர் குடிக்க வந்த அம்மா கதவருகே நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. கடைசியில், "அவருக்காக ஓதுங்கப்பா. அவரைப் பேச வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிரவே அதை அழித்தோம். அத்தா தாமே பேசி அனுப்பிய பதிவுகளை அழிக்கவில்லை. அவற்றை அம்மா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கேட்கிறார். அவற்றில் இருமல் இருக்கிறது, பின்னால் காத்தாடிச் சத்தம் இருக்கிறது, எங்களைத் திட்டியதும் இருக்கிறது. அது அத்தா.

மறுவாரம் முதல் தலைவரின் மகள் வீட்டுக்குப் போனோம். அவருக்கும் எழுபது வயது ஆகிறது. கேட்டோம். அவர் தேநீர் கொடுத்து, நிதானமாகப் பதில் சொன்னார். "தம்பி, அத்தா சங்கத்துக்காக எவ்வளவோ பேசியிருக்காங்க. ஆனா ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னால் மூணு நாள் யோசிக்கிறவங்க. அவங்க யோசிக்காத ஒன்னை அவங்க வாயிலே வைக்கிறது எனக்குச் சரியாப் படலே. கேசட்டு இருக்குன்னு சொல்றீங்களே, அதைப் போடுங்க. அது போதும்" என்றார்.

அதனால்தான் இந்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் நீங்கள் கேட்டது அந்தப் பழைய கேசட்டின் நான்கு நிமிடம். பாதி புரியவில்லை என்று சில இளைஞர்கள் சொன்னீர்கள். உண்மைதான். இரைச்சலைக் குறைத்தோம், ஒரு சொல்லையும் கூட்டவில்லை. ஆனால் "மய்யித்துக்கு நாலு பேர் தோள் கொடுக்க ஆள் இல்லை என்ற நிலை நம் ஊரில் யாருக்கும் வரக்கூடாது, அதற்குத்தான் இந்தச் சங்கம்" என்று அவர் சொன்ன இடத்தில் முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தோம். அவர்கள் அன்று அதே மண்டபத்தில் இருந்து நேரில் கேட்டவர்கள். அந்தச் சொல்லுக்குச் சங்கிலி இருக்கிறது.

கேசட்டைப் போட்டதோடு முடிக்காமல், சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வஸிய்யத் எழுதும்போது வீடு, நிலம், நகையோடு நம் குரலையும் உருவத்தையும் கைபேசியையும் சேர்த்து எழுதுவோம். நான் போனபின் என் குரலைச் செய்யலாமா கூடாதா, கைபேசியில் உள்ளதை யார் திறக்கலாம், எதை அழிக்க வேண்டும் என்று நாலு வரி போதும். ஷாகுல் ஹமீதின் குடும்பத்தைப் போல மனமொப்பி அனுமதி கொடுக்கிறவர்களும் இருக்கலாம், அது அவரவர் உரிமை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. இதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டு ஒரு மாதிரிப் படிவம் தயாரிக்கச் செயலவையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, சங்கத்தின் சொந்த 555. ஐம்பது வருட உறுப்பினர் பதிவேடு, கைராத் நிதிக் கணக்கு, யாருக்குக் கல்வி உதவி கொடுத்தோம், யாருக்கு மருத்துவ உதவி கொடுத்தோம் என்ற விவரம் எல்லாம் இப்போது கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. நல்லது. ஆனால் யார் வறுமையில் உதவி கேட்டார் என்பது அவர் மானம். அதை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் விதி வேண்டும். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வணிகத்தில் நம்மைப் பற்றி வைத்திருக்கும் விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும் தப்பைத் திருத்தச் சொல்லவும் அது உரிமை தருகிறது. 2024இல் அதைத் திருத்தி, தரவு கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்றும், கைரேகை, முகம் போன்ற உடல் அடையாளங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்றும் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நன்னாவின் மேசை இழுப்பு எவ்வளவு பத்திரமாக இருந்ததோ அவ்வளவு பத்திரமாவது நம் சங்கத்தின் கணினி இருக்க வேண்டும்.

மூன்றாவது, இன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரிலேயே செய்யக்கூடியது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் என்று யார் குரல் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். பிள்ளையின் பட்டப்பெயரோ பிறந்த தேதியோ வேண்டாம், அதெல்லாம் ஏற்கனவே சமூக ஊடகத்தில் இருக்கிறது. நன்னியின் ஊர்க் கிணற்றுப் பெயர் போல எங்கும் எழுதாத ஒன்றாக இருக்கட்டும். சொல் தெரியவில்லை என்றால் வைத்துவிட்டு, பழைய எண்ணில் நீங்களே கூப்பிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பெரியோர்களே, நம் இரு தோள்களிலும் இருந்து நம் செயல்களை எழுதும் மலக்குகளைப் பற்றிச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாம் எழுதப்படுகிறோம் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. அந்த ஏட்டில் ஒரு புள்ளி கூடாது, குறையாது, விற்கப்படாது. மனிதர்கள் எழுதும் ஏட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லாததால், அதை எழுதுகிறவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையை நாம் விட்டுவிடக்கூடாது. நல்ல கருவி வந்தால் நம் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும், கூலிமில் அதைச் செய்கிறவர்களாகவும் வரட்டும். அத்தாவைப் போல் இன்னொருவர் கால் இழக்காமல் இருக்க அது உதவினால் முதலில் துஆ செய்கிறவர்கள் நாங்களாக இருப்போம்.

இன்னும் ஐம்பது வருடம் கழித்து நூற்றாண்டு விழா நடக்கும்போது இங்கிருக்கும் பலர் இருக்க மாட்டோம். அன்று யாராவது நம் குரலைத் தேடினால், நாம் உண்மையாகச் சொன்ன ஏதோ ஒரு நல்ல வார்த்தை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு இப்போதே அப்படிப்பட்ட வார்த்தைகளைப் பேசி வைக்க வேண்டும். அதை எந்த இரட்டையும் நமக்காகச் செய்து தராது.

இந்தச் சங்கத்தைக் கட்டி, நமக்கு முன்னே போய்விட்ட பெரியவர்கள் அனைவரின் பிழைகளையும் இறைவன் பொறுத்து, அவர்களுடைய மண்ணறைகளை ஒளியாக்குவானாக. நோயில் இருப்பவர்களுக்கு ஷிஃபா தருவானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைக் காக்கும் பலத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.

தம் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். சோற்றை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டபின் கொஞ்சம் நடங்கள். வஸ்ஸலாம்.